சான்டா ரோசாவின் பெயர்பெற்ற மனிதர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சான்டா ரோசா எங்கே இருக்கிறது?

கலிஃபோர்னியாவின் வட பகுதியில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து 101ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர். சொனோமா கவுண்டியின் தலைநகரம் இதுதான். 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 1,78,127. சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள், மேற்கே கொஞ்ச தூரத்தில் செபாஸ்டபோல் என்ற சிற்றூர், அதற்கும் மேற்கே பசிபிக் கடல்.

இதே பெயரில் அர்ஜென்டினாவில் ஒரு நகரம் உண்டு, ஃபுளோரிடாவில் ஒரு கவுண்டி உண்டு, கலிஃபோர்னியாவின் தென்கரைக்கு அப்பால் ஒரு தீவும் உண்டு. இணையத்தில் தேடும்போது 'சொனோமா' என்ற சொல்லையும் சேர்த்துக்கொண்டால் குழப்பம் வராது.

இந்த ஊரோடு சேர்த்துச் சொல்லப்படும் முக்கியமான பெயர்கள் எவை?

தாவர வளர்ப்பாளர் லூதர் பர்பாங்க், 'பீனட்ஸ்' படக்கதையை வரைந்த சார்லஸ் ஷூல்ட்ஸ், 'நம்பினால் நம்புங்கள்' என்று வினோதச் செய்திகளைப் படமாக வரைந்த ரிப்ளி, ஜப்பானியத் திராட்சை விவசாயி கனாயே நாகசாவா, பாடகி ஜூலி லண்டன், ஊருக்கு அடிக்கல் போட்ட குடும்பத்தின் தாயான மரியா கரில்யோ. இந்த ஆறு பெயரும் எந்தப் பட்டியலிலும் இருக்க வேண்டியவை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்த பர்பாங்கும் ஷூல்ட்ஸும் இங்கே பிறக்கவில்லை. இங்கே பிறந்த ரிப்ளியும் ஜூலி லண்டனும் பெயர் வாங்கியது வேறு ஊர்களில். ஆகவே 'சான்டா ரோசாக்காரர்' என்று எழுதுவதற்கு முன்னால் பிறந்தாரா, வளர்ந்தாரா, குடியிருந்து வேலை செய்தாரா, இங்கேயே அடக்கமானாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல்களில் வரும் பிழைகளில் பெரும்பாலானவை இந்த நான்கையும் ஒன்றாகக் குழைப்பதால் வருபவை.

லூதர் பர்பாங்க் யார்? பர்பாங்க் நகரம் அவர் பெயரால் வந்ததா?

இரண்டாவது கேள்விக்கு விடை: இல்லை. லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்தில், ஸ்டூடியோக்கள் நிறைந்த பர்பாங்க் நகரம் டேவிட் பர்பாங்க் என்ற பல் மருத்துவரின் பெயரைத் தாங்கியது. அவர் நிலம்தான் அது. லூதருக்கும் அந்த ஊருக்கும் தொடர்பு கிடையாது.

லூதர் பர்பாங்க் 1849 மார்ச் 7 அன்று மாசசூசெட்ஸில் லங்காஸ்டர் என்ற ஊரில் பிறந்தவர். 1875இல் சான்டா ரோசாவுக்கு வந்தார், 1926 ஏப்ரல் 11இல் இறக்கும்வரை இங்கேயே இருந்தார். ஐம்பது ஆண்டுகளில் 800க்கும் மேற்பட்ட புதிய தாவர வகைகளை வெளியிட்டார். பழங்கள், பூக்கள், காய்கறிகள், புல் வகைகள், கள்ளி என்று ஒன்றையும் விடவில்லை. அவருடைய பிறந்தநாளைத்தான் கலிஃபோர்னியா மரம் நடும் நாளாகக் கொண்டாடுகிறது.

உருளைக்கிழங்குக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

இதுதான் அவர் வாழ்க்கையின் முதல் பெரிய வெற்றி. நடந்தது சான்டா ரோசாவில் அல்ல, மாசசூசெட்ஸில்.

உருளைக்கிழங்கைக் கிழங்கை வெட்டித்தான் நடுகிறோம். அப்படி நட்டால் தாய்ச்செடி எப்படியோ பிள்ளையும் அப்படியே வரும், மாற்றம் இருக்காது. எப்போதாவது செடி பூத்துத் தக்காளிப் பிஞ்சு போல ஒரு காய் காய்க்கும். அதற்குள் உள்ள விதையைப் போட்டால் ஒவ்வொரு விதையும் ஒவ்வொரு மாதிரி முளைக்கும். 1872இல் 'எர்லி ரோஸ்' என்ற வகைச் செடியில் அப்படி ஒரு காயைப் பர்பாங்க் கண்டார். அந்த வகை காய்ப்பதே அபூர்வம். உள்ளே 23 விதைகள். எல்லாவற்றையும் தனித்தனியாக நட்டார். பெரும்பாலானவை சுமாராகவே வந்தன. ஒன்று மட்டும் விளைச்சலிலும் அளவிலும் மற்றவற்றைத் தூக்கிச் சாப்பிட்டது.

ஜேம்ஸ் கிரெகரி என்ற விதை வியாபாரியிடம் அதற்கு 500 டாலர் கேட்டார். கிடைத்தது 150. தனக்கென்று 10 கிழங்கை வைத்துக்கொள்ள மட்டும் அனுமதி கிடைத்தது. அந்தப் பத்தோடுதான் கலிஃபோர்னியாவுக்கு ரயில் ஏறினார். பிற்காலத்தில் அந்த வகையிலிருந்து சொரசொரப்பான பழுப்புத் தோலுடன் ஒரு திரிபு தோன்றியது. அதுதான் 'ரஸ்ஸட் பர்பாங்க்'. அமெரிக்க உணவகங்களில் நீளநீளமாகக் கிடைக்கும் ஃபிரெஞ்சு ஃபிரைஸுக்குப் பேர்போன கிழங்கு அது. கிழங்கு நீளமாக இருப்பதால் துண்டும் நீளமாக வரும், மாவுச்சத்து அதிகமாக இருப்பதால் பொரித்தால் உள்ளே பூப்போல இருக்கும்.

ஒன்பது மாதத்தில் 20,000 மரக்கன்று வளர்த்தார் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. மந்திரமில்லை, கணக்கு. 1881 வசந்த காலத்தில் பெட்டலூமா ஊரைச் சேர்ந்த வாரன் டட்டன், அந்த ஆண்டு முடிவதற்குள் 20,000 உலர்பிளம் கன்று வேண்டும் என்று கேட்டார். வழக்கமான முறையில் அதற்கு இரண்டரை ஆண்டுகளாவது ஆகும். பிளம் அல்லது பீச் கொட்டையை அப்போது விதைத்தால் அடுத்த வசந்தத்தில்தான் முளைக்கும் என்பதே தடை. பர்பாங்க் பிடித்த வழி பாதாம். பாதாம் கொட்டை ஈரம் பட்டதும் முளைத்துவிடும், பிளம் குச்சியும் அதில் ஒட்டும்.

செய்முறை இப்படி: மணல் பாத்தியில் பாதாமைப் பரப்பி, மேலே சாக்கை விரித்து, அதன்மேல் ஓர் அங்குலம் மணல் போட்டார். சாக்கு எதற்கென்றால், ஓரத்தைத் தூக்கிப் பார்த்தால் எது முளைத்தது என்று தெரியும். முளைவிட்டதை மட்டும் பொறுக்கி நாற்றங்காலில் நடுவார்கள். ஜூன் முடிவிலிருந்து ஆகஸ்ட் வரை ஆட்களை அமர்த்தி மொட்டு ஒட்டுக் கட்டினார்கள். பாதாம் தண்டின் பட்டையைக் கீறி, பிளம் மொட்டைச் செருகிக் கட்டுவது.

இனி வருவதுதான் நுட்பம். பத்து நாளில் மொட்டு பிடித்துக்கொண்டதும் மேலே உள்ள பாதாம் தண்டை வெட்டக் கூடாது. ஒடித்துச் சாய்த்துவிட வேண்டும். வெட்டினால் இலையில்லாமல் வேருக்குச் சாப்பாடு நின்றுபோகும், புது மொட்டும் செத்துப்போகும். ஒடித்துத் தொங்கவிட்டால் இலைகள் வேருக்கு உணவு அனுப்பிக்கொண்டே இருக்கும், சாறு மட்டும் மொட்டின் பக்கம் திரும்பும். பிளம் தளிர் ஓரடி உயரம் வந்த பிறகே ஒடிந்த தலையை வெட்டி எறியலாம். டிசம்பருக்குள் ஏறக்குறைய எல்லாக் கன்றும் தயார். டட்டன் பணத்தைக் கொடுத்ததோடு ஊரெல்லாம் சொல்லியும் வைத்தார். பர்பாங்கின் பெயர் பரவியது அதற்குப் பிறகுதான்.

அவர் புதிய வகைகளை எப்படி உருவாக்கினார்?

நான்கு படிகள். வெளிநாட்டு வகைகளை வரவழைப்பார். உள்ளூர் வகையோடு மகரந்தச் சேர்க்கை செய்வார். ஆயிரக்கணக்கில் நாற்று விடுவார். ஒன்றிரண்டை வைத்துக்கொண்டு மற்றதைக் கொளுத்திவிடுவார். அந்த நான்காவது படியில்தான் அவர் தனித்து நின்றார். வரிசை நெடுக நடந்துபோகும்போதே இலையையும் தண்டையும் பார்த்து எது தேறும் என்று சொல்லும் கண் அவருக்கு இருந்தது.

பழமரம் காய்க்க ஆண்டுக்கணக்காகும், அத்தனை கன்றுக்கும் நிலமும் கிடையாது. அதனால் ஒவ்வொரு நாற்றிலிருந்தும் ஒரு குச்சியை வெட்டி, வளர்ந்த ஒரே மரத்தில் நூற்றுக்கணக்கில் ஒட்டுக் கட்டினார். மரம் ஏற்கெனவே முதிர்ந்தது என்பதால் குச்சிகள் இரண்டு மூன்று ஆண்டில் காய்க்கும். ஒரு மரத்தில் ஐநூறு வகைப் பழம் என்று பத்திரிகைகள் வியந்து எழுதியதெல்லாம் இதைப் பற்றித்தான்.

சாஸ்டா டெய்சிப் பூ 17 ஆண்டு உழைப்பு. அமெரிக்க வயல்வெளியில் களையாக முளைக்கும் டெய்சியில் தொடங்கி, அதை ஆங்கிலேய வகையோடும் போர்த்துகீசிய வகையோடும் கலந்தார். பூ பெரிதானது, ஆனால் வெண்மை போதவில்லை. ஜப்பானிய டெய்சியின் மகரந்தத்தைச் சேர்த்ததும் அந்தக் குறை தீர்ந்தது. 1901இல் வெளியிட்டு, பனி மூடிய சாஸ்டா மலையின் பெயரை வைத்தார்.

சான்டா ரோசா பிளம் இன்னும் கிடைக்கிறதா?

தாராளமாக. 1906இல் வெளிவந்த இந்தப் பழம் இந்தியாவிலும் உண்டு, இமாசலப் பிரதேசத்தின் பிளம் தோட்டங்களில் இது முக்கியமான வகை. சிவந்த ஊதாத் தோல், தோலருகே சிவப்பும் உள்ளே மஞ்சளுமாகச் சதை, கொட்டையை ஒட்டி ஒரு புளிப்பு. கலிஃபோர்னியாவில் ஜூனில் பழுக்கும். இரண்டாவது மரம் பக்கத்தில் இல்லாவிட்டாலும் காய்க்கும், இருந்தால் கூடுதலாகக் காய்க்கும். குளிர்காலத்தில் 300 முதல் 400 மணி நேரமாவது நல்ல குளிர் வேண்டும். அது கிடைக்காத சமவெளியில் மரம் இலை விடும், பூக்காது. முற்றப் பழுத்தால் சீக்கிரம் கனிந்து குழைந்துவிடும் என்பதால் பெரிய கடைகள் கெட்டித் தோல் உள்ள வகைகளுக்கு மாறிவிட்டன. நல்ல பழம் வேண்டுமென்றால் தோட்டத்துப் பக்கத்தில் வாங்குவதுதான் சரி.

முள்ளில்லாக் கள்ளி ஏன் தோற்றது?

நம் ஊர்ச் சப்பாத்திக்கள்ளி இனம்தான். வறண்ட நிலத்தில் மாட்டுக்குத் தீவனமாகும் என்பது பர்பாங்கின் கனவு. செடி நன்றாகவே வந்தது, கணக்குத்தான் தப்பியது. முள் என்பது அந்தச் செடியின் வேலி. அதை எடுத்துவிட்டால் முயல் முதல் மாடு வரை எல்லாம் மொட்டையாக மேய்ந்துவிடும், அப்புறம் விவசாயி காசு போட்டு வேலி கட்ட வேண்டும். விதையிலிருந்து வளர்த்தால் முள் திரும்பி வந்துவிடும், மடலை வெட்டித்தான் நட வேண்டும். தண்ணீரே ஊற்றாத பாலைவனத்தில் தீவனம் தரும் அளவுக்கு வளரவும் இல்லை. அவர் பெயரில் 1912இல் தொடங்கிய நிறுவனம், தேவை அதிகமானபோது சாதாரணக் கள்ளியில் முள்ளைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்றது. நட்டவர்கள் வயலில் மறுபடி முள் முளைத்தது. சில ஆண்டுகளில் நிறுவனம் திவால். விற்பனையை அடுத்தவர் கையில் விட்டது பர்பாங்க் செய்த பெரிய தவறு.

இன்னொரு பின்விளைவும் உண்டு. இந்தியாவிலிருந்து வந்த விதையில் முளைத்த ஒரு கருப்பு முட்பழத்துக்கு (பிளாக்பெர்ரி) அவர் 'இமயம்' என்று பெயர் வைத்து 1885இல் வெளியிட்டார். உண்மையில் அது ஆர்மீனியப் பகுதிச் செடி. இன்றைக்கு அமெரிக்க மேற்குக் கரையின் ஆற்றோரமெல்லாம் அடர்ந்து கிடக்கும் ஆக்கிரமிப்புப் புதர் அதுதான். பழம் இனிப்பு, புதரை அழிக்க முடியவில்லை.

அவரை விஞ்ஞானி என்று சொல்லலாமா?

வளர்ப்பாளர் என்று சொல்வதே சரி. ஆராய்ச்சிக்கு நிதி கொடுக்கும் கார்னகி நிறுவனம் 1905 முதல் ஆண்டுக்கு 10,000 டாலர் கொடுத்து, அவர் முறைகளைப் பதிவு செய்ய ஜார்ஜ் ஷல் என்ற தாவரவியலாளரை அனுப்பியது. பெற்றோர் எது, எத்தனை நாற்று, எது எந்த ஆண்டு என்று முறையான குறிப்பு அவரிடம் கிடைக்கவில்லை. சில ஆண்டுகளில் நிதி நின்றது. வளரும் சூழல் செடியில் உண்டாக்கும் மாற்றம் பிள்ளைக்கும் போகும் என்று அவர் நம்பினார், மரபியல் அதை ஏற்கவில்லை. ஆனால் கையில் இருக்கும் பழமும் பூவும் கிழங்கும் பொய்யில்லை.

அவர் காலத்தில் செடிக்குக் காப்புரிமை கிடையாது. ஒரு முறை விற்றால் அதோடு சரி, யார் வேண்டுமானாலும் பெருக்கலாம். அவர் இறந்து நான்கு ஆண்டுக்குப் பிறகு, 1930இல் அமெரிக்கா தாவரக் காப்புரிமைச் சட்டம் கொண்டுவந்தது. அவர் பெயரில் 16 காப்புரிமைகள் பதிவாயின, எல்லாமே அவர் மறைந்த பிறகு.

பரமஹம்ச யோகானந்தருக்கும் அவருக்கும் என்ன உறவு?

நண்பர்கள். யோகானந்தர் சான்டா ரோசாத் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். 1946இல் வெளிவந்த 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் பர்பாங்கின் நினைவுக்கே காணிக்கையாக்கினார், ஒரு முழு அத்தியாயமும் அவரைப் பற்றியது. தமிழில் அந்நூலைப் படித்த பலருக்குச் சான்டா ரோசா என்ற பெயர் அங்கேதான் முதலில் அறிமுகம். கள்ளிச் செடிகளிடம் 'பயப்படாதே, உனக்கு முள் வேண்டாம், நான் காப்பாற்றுகிறேன்' என்ற பொருளில் பர்பாங்க் பேசிவந்ததாக வரும் செய்தியும் அதில் உள்ளதுதான். பேச்சோடு பல்லாயிரம் நாற்றைத் தெரிந்தெடுத்துக் கழித்த உழைப்பும் இருந்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும்.

சார்லஸ் ஷூல்ட்ஸ் இந்த ஊருக்கு எப்படி வந்தார்?

1922 நவம்பர் 26 அன்று மினியாபொலிஸில் பிறந்தவர். 'பீனட்ஸ்' 1950 அக்டோபர் 2இல் ஏழு செய்தித்தாள்களில் தொடங்கியபோது அவர் மினசோட்டாவில்தான் இருந்தார். 1958இல் குடும்பத்தோடு செபாஸ்டபோலுக்கு வந்தார், பிறகு சான்டா ரோசாவுக்கு மாறினார். குளிர்ப் பிரதேசத்து மனிதர், பனிச்சறுக்கும் ஐஸ் ஹாக்கியும் உயிர். ஊரில் இருந்த பனித்தளம் மூடப்பட்டதும் சொந்தச் செலவில் புதிதாக ஒன்று கட்டி, 1969 ஏப்ரல் 28இல் திறந்தார். இன்றும் நடக்கிறது. வாசலருகே உள்ள 'வார்ம் பப்பி கஃபே'யில் அவர் காலையில் வந்து உட்காரும் மேசையை யாருக்கும் கொடுக்காமல் அவருக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். காபி, திராட்சை ஜெல்லி தடவிய மஃபின். அதை முடித்துவிட்டுப் பக்கத்திலேயே இருந்த ஸ்டூடியோவுக்கு நடந்து போவார்.

அவர் எப்படி வரைந்தார்? உதவியாளர்கள் இருந்தார்களா?

இல்லை. 17,897 படக்கதைகளும் அவர் கை. யோசனை, பென்சில் கோடு, மை, எழுத்து எல்லாமே. மஞ்சள் தாளில் கிறுக்கிக்கொண்டே யோசிப்பார். பிறகு அட்டையில் பென்சிலால் லேசாக இடம் குறித்து, முதலில் பேச்சு எழுத்துகளை மையில் எழுதிவிட்டு, அப்புறம் உருவங்களை வரைவார். எழுத்து எவ்வளவு இடம் பிடிக்கும் என்று முதலில் தெரிந்துவிட்டால் உருவம் நெருக்கப்படாது. படம் வரைய எஸ்டர்புரூக் 914 என்ற பேனா முனை. அதைச் செய்த கம்பெனி மூடப்போகிறது என்றதும் மீதமிருந்த சரக்கை வாங்கி வைத்துக்கொண்டு கடைசிவரை பயன்படுத்தினார்.

தொடக்க காலத்தில் எல்லாக் கட்டமும் ஒரே அளவில் நான்காக இருப்பதற்கும் காரணம் உண்டு. செய்தித்தாள்காரர்கள் இடத்துக்கேற்ப நீளமாகவோ, ஒன்றன்கீழ் ஒன்றாகவோ, சதுரமாகவோ போட்டுக்கொள்ளலாம் என்று சொல்லித்தான் விநியோக நிறுவனம் அதை விற்றது. சின்னக் கட்டத்துக்குள் பின்னணியைக் குறைத்து முகத்தையும் பேச்சையும் வைத்தே சொல்ல வேண்டிய கட்டாயம் அப்படி வந்தது. பீனட்ஸின் எளிமை பிறந்தது அந்த நெருக்கடியில். 'பீனட்ஸ்' என்ற பெயரும் நிறுவனம் வைத்ததே, ஷூல்ட்ஸுக்குக் கடைசிவரை அது பிடிக்கவில்லை.

1981இல் இதய அறுவைக்குப் பிறகு கை நடுக்கம் வந்தது. பிற்காலக் கோடுகள் அலையலையாக இருப்பது அதனால்தான், பாணி மாற்றம் அல்ல. 1999 டிசம்பரில் புற்றுநோய் காரணமாக ஓய்வு அறிவித்தார். கடைசி ஞாயிற்றுக்கிழமைப் பக்கம் 2000 பிப்ரவரி 13இல் அச்சானது. அதற்கு முந்தின நாள் இரவு சான்டா ரோசா வீட்டில் தூக்கத்திலேயே உயிர் பிரிந்தது. அந்த நாள் கணக்கைப் படித்தால் இன்றும் மனம் கனக்கும்.

ஷூல்ட்ஸ் அருங்காட்சியகத்தில் எதைத் தவறவிடக் கூடாது?

பெரிய கூடத்துச் சுவர். ஜப்பானியக் கலைஞர் யோஷிதெரு ஒடானி செய்தது. தூரத்திலிருந்து பார்த்தால் பீனட்ஸ் கதையில் வரும் லூசி பந்தைப் பிடித்திருக்க சார்லி பிரவுன் உதைக்க ஓடி வருகிறான். கிட்டே போனால் ஒவ்வொரு ஓடும் ஒரு முழுப் படக்கதை. மொத்தம் 3,588 ஓடுகள், 22 அடி உயரம், 17 அடி அகலம். முதலில் எதிர்ச்சுவர் வரை பின்னால் போய் நின்று பாருங்கள், பிறகு கிட்டே வாருங்கள். மாடியில் அவருடைய வேலை அறையை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அருங்காட்சியகம் திறந்தது 2002 ஆகஸ்டில்.

ரிப்ளி இந்த ஊரில் பிறந்தவர்தானா? பிறந்த ஆண்டு ஏன் மாறி மாறி வருகிறது?

இங்கேதான் பிறந்தார். முழுப்பெயர் லிராய் ராபர்ட் ரிப்ளி. 1890 பிப்ரவரி 22 என்பது ஏற்கப்பட்ட தேதி. பழைய நூல்களில் 1893 டிசம்பர் 25 என்று இருக்கும், ரிப்ளி தானே அப்படிச் சொல்லிக்கொண்டதுதான் காரணம். வினோதச் செய்திகளை வரையத் தொடங்கியது 1918 டிசம்பரில், நியூயார்க்கில்.

அமெரிக்காவுக்குச் சட்டப்படி தேசிய கீதமே இல்லை என்று 1929 நவம்பரில் அவர் ஒரு படம் போட்டார். அதைப் பார்த்துக் கொதித்த மக்கள் மனு மேல் மனு போட, 1931 மார்ச்சில் கீதத்துக்குச் சட்டம் வந்தது. 1949இல் நியூயார்க்கில் இறந்தார், அடக்கம் செய்தது சான்டா ரோசாவில்.

ஜூலியார்ட் பூங்காவில் 'ஒற்றை மரத் தேவாலயம்' இருக்கிறது. 1873இல் ஒரே ஒரு செம்மரத்தை அறுத்த பலகையில் கட்டியது. மரத்தின் உயரம் 275 அடி என்பார்கள். ரிப்ளியின் அம்மா போன கோயில் அது, அவரே அதைப் பற்றி வரைந்தும் இருக்கிறார். பல ஆண்டுகள் ரிப்ளி அருங்காட்சியகமாக இருந்தது, இப்போது அப்படி இல்லை. இங்கே 'செம்மரம்' என்பது கலிஃபோர்னிய ரெட்வுட், நம் செஞ்சந்தனம் அல்ல.

நாகசாவா பற்றி ஏன் பலருக்குத் தெரிவதில்லை?

சொத்து கைமாறியதும் பெயரும் மங்கிவிட்டது என்பதுதான் வருத்தமான உண்மை. 1852இல் ககோஷிமாவில் பிறந்தவர், இயற்பெயர் இசொனாகா ஹிகொசுகே. ஜப்பானியர் நாட்டைவிட்டு வெளியேறுவதே குற்றமாக இருந்த 1865இல், ககோஷிமாவை ஆண்ட சட்சுமா சிற்றரசு இரகசியமாகப் படிக்க அனுப்பிய குழுவில் மிக இளையவர், வயது 13. வீட்டாருக்கு ஆபத்து வராமலிருக்கப் பெயரை மாற்றினார்கள். ஸ்காட்லாந்தின் அபர்டீனில் படித்து, தாமஸ் லேக் ஹாரிஸ் என்ற ஆன்மிகத் தலைவரோடு அமெரிக்கா வந்து, 1875இல் சான்டா ரோசாவின் ஃபவுன்டன்குரோவ் குன்றுகளில் குடியேறினார். பர்பாங்க் வந்த அதே ஆண்டு. திராட்சை பயிரிட்டு ஒயின் தொழிலைக் கட்டி எழுப்பினார், ஹாரிஸ் போன பிறகு தோட்டம் அவர் கைக்கு வந்தது.

1934இல் அவர் இறந்தபோது வாரிசுகளுக்கு அது தங்கவில்லை. ஆசியக் குடியேறிகள் நிலம் வைத்திருக்கக் கூடாது என்ற கலிஃபோர்னியச் சட்டம் குறுக்கே நின்றது. ஜனாதிபதி ரீகன் 1983இல் ஜப்பானிய நாடாளுமன்றத்தில் பேசும்போது அவர் பெயரைச் சொன்னார். நாகசாவா காலத்தில், 1899இல் கட்டிய வட்டக் களஞ்சியம் ஊரின் அடையாளமாக நின்றது. 2017 அக்டோபர் டப்ஸ் காட்டுத்தீயில் அது எரிந்தது. ஷூல்ட்ஸ் வாழ்ந்த வீடும் அதே இரவில் போனது. பழைய பயண நூலை நம்பிக் களஞ்சியத்தைத் தேடிப் போனால் வெறும் குன்றுதான் இருக்கும். அவர் பெயரில் உள்ள பூங்காவுக்குப் போகலாம்.

மரியா கரில்யோ?

1837இல் பிள்ளைகளோடு இங்கே வந்து மண்சுவர் வீடு கட்டிய விதவைத் தாய். மெக்சிகோ அரசு அவருக்கு நிலம் எழுதிக் கொடுத்தது. வட கலிஃபோர்னியாவில் மெக்சிகோவின் ராணுவத் தளபதியாக இருந்த வயேஹோவின் மாமியார். ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்று அவர் பெயரில் நடக்கிறது. 'முதல் குடியேறி' என்று எழுதாதீர்கள், போமோ பழங்குடியினர் அவருக்கு வெகுகாலம் முன்பிருந்தே வாழ்ந்த நிலம் இது.

சினிமாக்காரர்கள்?

ஜூலி லண்டன் 1926 செப்டம்பர் 26இல் இங்கே பிறந்து, சின்ன வயதிலேயே குடும்பத்தோடு தெற்கே போய்விட்டார். 1955இல் வெளிவந்த ஒரு பாடல் அவரை உலகறியச் செய்தது. நடிகை நேட்டலி வுட் பிறந்தது சான் பிரான்சிஸ்கோவில். குடும்பம் சான்டா ரோசாவில் இருந்தபோது இங்கே நடந்த ஒரு படப்பிடிப்பில் நான்கு வயதுக் குழந்தையாகத் தலைகாட்டினார், அதுதான் தொடக்கம்.

ஹிட்ச்காக் 1942இல் 'ஷாடோ ஆஃப் எ டவுட்' படத்தை இங்கே எடுத்தார். மெக்டொனால்ட் அவென்யூவில் ஒரு வீட்டைப் பிடித்துப்போய்ப் பேசி முடித்துவிட்டுத் திரும்பி வந்தால், வீட்டுக்காரர் மகிழ்ச்சியில் புதுவர்ணம் அடித்து வைத்திருந்தாராம். மறுபடி அழுக்காக்கித்தான் படம் எடுத்தார்கள். அந்த வீடு தனியார் குடியிருப்பு, சாலையிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். படத்தில் வரும் கல் ரயில் நிலையம் 1906 நிலநடுக்கத்தையும் தாங்கி இன்றும் நிற்கிறது.

ஜாக் லண்டன் இந்த ஊர்க்காரர் இல்லையா?

இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர், பண்ணை இருந்ததும் 1916இல் இறந்ததும் இதே கவுண்டியின் கிளென் எலனில். ஜூலி லண்டனுக்கும் அவருக்கும் உறவில்லை. ஜூலி பிறப்பால் பெக், 'லண்டன்' என்பது மேடைப் பெயர்.

கல்லறைகள் எங்கே?

பர்பாங்க், தன் வீட்டுத் தோட்டத்திலேயே, தானே வளர்த்த லெபனான் தேவதாரு மரத்தடியில். 1989இல் மரம் நோயுற்று வெட்டப்பட்டதால் இப்போது மரத்தைத் தேட வேண்டாம். ரிப்ளி, ஆட் ஃபெல்லோஸ் கல்லறைத் தோட்டத்தில். ஷூல்ட்ஸ் சான்டா ரோசாவில் இல்லை, செபாஸ்டபோலின் பிளசன்ட் ஹில்ஸ் கல்லறையில். இதில்தான் பலர் தடம் மாறிப் போகிறார்கள்.

ஒரே நாளில் இவற்றைப் பார்க்க முடியுமா?

முடியும், கார் இல்லாமலும் முடியும். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லார்க்ஸ்பர் வரை படகு, அங்கே கால் மணி நேர நடைக்குள் 'ஸ்மார்ட்' என்ற உள்ளூர் ரயிலின் நிலையம். படகும் ரயிலும் எல்லா நேரமும் ஒத்துவராது, இரண்டின் அட்டவணையையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். டவுன்டவுன் நிலையத்தில் இறங்கினால் எதிரே அந்தக் கல் ரயில் நிலையம், பக்கத்துப் பூங்காவில் சார்லி பிரவுனும் அவன் நாய் ஸ்னூப்பியும் வெண்கலத்தில். அங்கிருந்து பர்பாங்க் தோட்டம் ஒரு கிலோமீட்டர் அளவுதான். தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. வீட்டுக்குள் போக வழிகாட்டியோடு கட்டணச் சுற்று, ஏப்ரல் முதல் அக்டோபர் வரைதான். ஒற்றை மரத் தேவாலயம் தோட்டத்திலிருந்து நடை தூரத்தில். ஷூல்ட்ஸ் அருங்காட்சியகத்துக்கு ரயிலில் ஒரு நிலையம் வடக்கே போய் இறங்கி நடக்கலாம், பனித்தளமும் கஃபேயும் எதிரிலேயே.

ரோஜாவுக்கு மே மாதம் நல்லது, பிளம்ஸுக்கு ஜூன். கோடை தவிர்த்த மாதங்களில் அருங்காட்சியகத்துக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, அன்றைக்குப் போனால் பனித்தளத்தின் கஃபேயில் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.